சித்திரை: ஒன்றாகத் தெரியும் இரண்டு விண்மீன்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஒருநாள் மாதப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தபோது, சித்திரை என்பது வானத்தில் கண்ணாலேயே பார்க்கக்கூடிய ஒரு விண்மீனின் பெயர் என்று சொன்னேன். பிள்ளைகள் நம்பவில்லை. வகுப்பு முடியும் நேரத்தில் லோட் ஷெடிங் வந்துவிட்டது. வெளியே வந்தால் தெருவிளக்கு ஒன்றுகூட இல்லை, கடல் பக்கத்து வானத்தில் அது நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டிக் காட்டினேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. பிள்ளைகள் கேட்டவை, அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள், தாத்தாக்கள், ஆயாக்கள் கேட்டவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்டார்கள். பதிலைத் தமிழில் எழுதி வைக்க எனக்கு ஆசை.

சித்திரை என்பது எந்த விண்மீன்?

பள்ளிப் புத்தகத்தில் ஸ்பைகா என்று இருக்கும். லத்தீன் மொழியில் அதற்குத் தானியக் கதிர் என்று பொருள். கன்னி ராசியில் மிகப் பிரகாசமானது இதுதான். நம் 27 நட்சத்திர வரிசையில் 14-ஆவது, அதாவது முன்னால் 13, பின்னால் 13, நட்ட நடுவில் சித்திரை. இரவு வானத்தின் மிகப் பிரகாசமான 20 விண்மீன்களில் இதுவும் ஒன்று. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், உண்மையில் இது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள்.

டர்பனில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏப்ரல் நடுவில், சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி, கிழக்கே இந்து மாக்கடலில் இருந்து எழும். இரவு 7 மணிக்கெல்லாம் அடிவானத்துக்கு மேலே இரண்டு முஷ்டி உயரத்துக்கு வந்திருக்கும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும், அதுதான் கணக்கு.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. சித்திரைக்கு முந்தைய நட்சத்திரம் அஸ்தம், அடுத்தது சுவாதி. இந்த மூன்றையும் பஞ்சாங்கத்தில் வரும் அதே வரிசையில் வானத்திலும் பார்க்கலாம். அஸ்தம் ஒரு சின்னக் கூட்டம். அதில் நான்கு விண்மீன்கள் கோணலான நாற்கரம் போல நிற்கும். மேல்நாட்டார் அதைக் காகம் என்கிறார்கள், நம்மவர்கள் கை என்றார்கள். ஏப்ரலில் கிழக்கே பார்த்து நின்றால் அந்த நாற்கரம் சித்திரைக்கு மேலே, சற்று வலப்பக்கம் இருக்கும். அதன் இடப்பக்கத்து இரண்டு விண்மீன்களைச் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, அதே திசையில் ஒன்றரை முஷ்டி நீட்டினால் நேரே சித்திரையில் போய் முட்டும். சுவாதி இவற்றுக்குப் பிறகு வடகிழக்கில் எழும். அது ஆரஞ்சு நிறம், சித்திரை நீலம் கலந்த வெள்ளை. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள், விண்மீன்களுக்கு நிறம் உண்டு என்பது அப்போதுதான் உறைக்கும்.

மே மாதக் கடைசியில் இரவு 9 மணிக்கு வடக்கே திரும்பி நின்றால் 71 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கும். நம் பக்கத்தில் மழைக்காலம் கோடைதான், குளிர்காலம் வறண்டு வானம் தெளிந்திருக்கும். மே முதல் ஆகஸ்ட் வரையிலான அந்தத் தெளிந்த மாதங்களில்தான் சித்திரை மாலை வானத்தில் இருக்கிறது. இதைப் பெரிய கொடுப்பினை என்றே நினைக்கிறேன். கரும்புத் தோட்டம் எரிக்கும் நாளில் மட்டும் புகை கொஞ்சம் தொல்லை கொடுக்கும்.

அது ஒன்றல்ல, இரண்டு என்கிறீர்களே. யார் பார்த்தது?

தனித்தனியாகக் கண்ணால் யாரும் பார்க்கவில்லை. 1890-இல் ஜெர்மனியில் பாட்ஸ்டாம் நகரில் ஹெர்மன் கார்ல் ஃபோகல் என்ற வானியலாளர் இதன் நிறமாலையை ஆராய்ந்தார். விண்மீனின் ஒளியை வானவில் போலப் பிரித்தால், நடுநடுவே கருங்கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் ஒரே இடத்தில் நிற்காமல், ஒருமுறை நீலப் பக்கமும் ஒருமுறை சிவப்புப் பக்கமுமாக அசைந்துகொண்டிருந்தன. நான்கு நாளுக்கு ஒரு தரம் அதே ஆட்டம் திரும்ப வந்தது.

நம் தெருவில் டாக்சி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து கடந்துபோகும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். நெருங்கும்போது கீச்சென்று உயரும், தாண்டிப் போனதும் தணியும். ஒளியும் அப்படித்தான். விண்மீன் நம்மை நோக்கி வரும்போது கோடுகள் நீலத்தின் பக்கம் நகரும், விலகும்போது சிவப்பின் பக்கம். நான்கு நாளுக்கு ஒருமுறை வந்து வந்து போகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். துணை விண்மீனின் மங்கலான கோடுகளைப் பின்னர் பிரித்தறிந்தார்கள். இன்றைய கணக்கில் ஒரு சுற்றுக்கு 4.01 நாள்.

அப்புறம் 1971-இல் ஆஸ்திரேலியாவின் நராப்ரை என்ற இடத்திலிருந்து ஓர் அளவீடு வெளிவந்தது. வட்டமான ரயில் பாதையில் நகரும் இரண்டு பெரிய ஒளிதிரட்டிகளை வைத்து, இந்த இரட்டையின் சுற்றுப்பாதை, பருமன், தூரம் ஆகியவற்றை நேரடியாக அளந்தார்கள். அந்தக் கருவியை உருவாக்கியவர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். அவர் பிறந்தது 1916-இல் நீலகிரி மாவட்டத்து அருவங்காட்டில். சித்திரையின் அளவை எடுத்தவர் தமிழ்நாட்டு மலையில் பிறந்தவர் என்று சொன்னபோது வகுப்பில் ஒரு தாத்தா எழுந்து நின்று கைதட்டினார்.

இரண்டும் எவ்வளவு பெரியவை? எவ்வளவு நெருக்கம்?

பெரியது நம் சூரியனைப் போல 10 மடங்குக்குச் சற்று அதிகமான எடை, 7 மடங்குக்கு மேல் விட்டம். சின்னது ஏறக்குறைய 7 மடங்கு எடை. பெரியதன் மேற்பரப்பு வெப்பம் 25,000 டிகிரியை ஒட்டி, சின்னதற்கு 20,000 டிகிரியை ஒட்டி. சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரிதான். இவற்றின் ஒளியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிராகவே வெளியேறுகிறது. நாம் பார்ப்பது மிச்சம்தான்.

இவ்வளவு பெரிய இரண்டுக்கும் இடையே சராசரி தூரம் 2 கோடி கிலோமீட்டர் அளவுதான். சூரியனுக்கும் புதனுக்கும் இடையிலான தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த நெருக்கத்தில் ஒன்றையொன்று இழுத்து இரண்டும் உருண்டை வடிவத்தை இழந்துவிட்டன, முட்டை போல நீண்டு நிற்கின்றன. டர்பன் கடலில் நிலவு அலையேற்றம் உண்டாக்குகிறதே, அதே இழுப்புதான், ஆனால் அங்கே முழு விண்மீனே நீள்கிறது. முட்டையின் பக்கவாட்டு நம் பக்கம் திரும்பும்போது ஒளி ஒரு துளி கூடும், முனை திரும்பும்போது ஒரு துளி குறையும். அது நூற்றில் சில பங்குதான், கண்ணுக்குப் பிடிபடாது, கருவிக்குப் பிடிபடும்.

ஒன்றின் ஒளி மற்றதன் மேல் பட்டுத் திரும்பி வருவதையும் ஆஸ்திரேலியாவில் இருந்து அளந்திருக்கிறார்கள், முடிவு 2019-இல் வெளியானது. நிலவு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவது நமக்குப் பழக்கம். ஒரு சூரியனே இன்னொரு சூரியனின் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவை தன்னைத்தானே எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன? ஏன்?

பெரிய விண்மீனின் நடுக்கோட்டில் வேகம் நொடிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி இருக்கிறது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் காரில் ஆறு மணிநேரம் ஆகும் தூரத்தை அது மூன்றே நொடியில் கடந்துவிடும். சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 25 நாள் எடுக்கிறது, நடுக்கோட்டு வேகம் நொடிக்கு 2 கிலோமீட்டர்தான். சூரியனைவிடப் பல மடங்கு பெரியதான இது இரண்டு நாளுக்குள் ஒருமுறை சுற்றிவிடுகிறது.

ஏன் என்ற கேள்வியை ஒரு சிறுமி கேட்டாள். சரியான கேள்வி. எல்லா விண்மீனும் வாயு மேகம் சுருங்கிப் பிறப்பவை. மெல்லச் சுழன்ற மேகம் சுருங்கச் சுருங்க வேகம் எடுக்கும். பரதநாட்டியத்தில் சுற்றும்போது விரித்த கையை உடம்போடு ஒட்டிக்கொண்டால் வேகம் கூடுவதை நம் பிள்ளைகள் தங்கள் உடம்பிலேயே அறிவார்கள். அப்படியானால் சூரியன் மட்டும் ஏன் மெதுவாகிவிட்டது? அதன் வெளிப்பகுதியில் வாயு கொதித்துப் புரள்கிறது, அதனால் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தக் காந்தப்புலம் சூரியனிலிருந்து வீசும் காற்றைப் பிடித்துக்கொண்டு 460 கோடி ஆண்டுகளாகப் பிரேக் போட்டு வருகிறது. சித்திரை போன்ற சூடான விண்மீன்களின் வெளிப்பகுதியில் அந்தக் கொதிப்பு இல்லை, ஆகவே பிரேக்கும் இல்லை. வயதும் குறைவு, ஒரு கோடி ஆண்டு என்ற கணக்கில்தான் இருக்கும். பிறந்தபோது எடுத்த வேகம் இன்னும் தணியவில்லை.

என்னிடம் சின்னத் தொலைநோக்கி இருக்கிறது. அதில் இரண்டாகத் தெரியுமா?

சித்திரை இரண்டாகத் தெரியாது. எந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் ஒரே புள்ளிதான். ஆனால் மனம் சோர வேண்டாம், அதே தொலைநோக்கியைத் தெற்கே திருப்புங்கள். தென் சிலுவையின் அடியில் நிற்கும் ஆக்ரக்ஸ் கண் முன்னாலேயே இரண்டாகப் பிரியும். திரிசங்கு என்று நம் கதைகளில் வருவது இந்தக் கூட்டம்தான் என்று சொல்வார்கள். அந்த இரண்டும் சித்திரையைப் போலவே கொதிக்கும் நீல விண்மீன்கள், வேகமாகச் சுழல்பவை. அவற்றில் ஒன்றுக்கு 76 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் இன்னொரு துணையும் உண்டு.

ஆக்ரக்ஸ் இரட்டை என்று கண்டதே நம் நாட்டில்தான். 1685-இல் சயாம் நாட்டுக்குப் போகும் வழியில் நன்னம்பிக்கை முனையில் தங்கிய பிரெஞ்சு ஏசு சபைக் குருக்கள் தொலைநோக்கியை நட்டு வானத்தைப் பார்த்தார்கள். அவர்களில் ஃபோன்டனே என்பவர் அதைக் கண்டார். தென்னாப்பிரிக்க வானியலின் கதை என்றால் எல்லாரும் சதர்லேண்டில் 2005-இல் திறந்த, 91 கண்ணாடிகள் கொண்ட சால்ட் தொலைநோக்கியில் இருந்து தொடங்குவார்கள். அது பெருமைக்குரியதுதான், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் மட்டும் 1685-இல் இருந்தே தொடங்குவேன்.

இது இரட்டை என்று நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்ததாக வாட்ஸ்அப்பில் வந்ததே?

எனக்கும் வந்தது. உண்மையில்லை. நிறமாலையைப் பிரிக்கும் கருவி இல்லாமல் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பெரியவர்கள் மனம் வருந்துவார்கள் என்று இதைச் சொல்ல முதலில் தயங்கினேன். ஆனால் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லித் தமிழ்ப் பெருமையை ஊட்ட எனக்கு மனமில்லை. முன்னோர்கள் உண்மையில் செய்தது என்ன என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது, அதுவே போதும்.

வருடப் பிறப்புக்கும் இந்த விண்மீனுக்கும் என்ன தொடர்பு?

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நிலவு ஒவ்வொரு இரவும் வேறு விண்மீன் பக்கத்தில் நிற்கும், 27 நாளில் ஒரு சுற்று வந்துவிடும். அந்த 27 தங்குமிடங்களைத்தான் நட்சத்திரம் என்கிறோம். முழுநிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ அதுவே மாதத்தின் பெயர். சித்திரைக்கு அருகே முழுநிலவு வரும் மாதம் சித்திரை. இங்கே சித்ரா பருவம் என்று கும்பிட்டு, காவடி எடுக்கிறோமே, அந்த இரவில் நிலவைப் பாருங்கள், பக்கத்திலேயே இது நிற்கும். சில ஆண்டு கொஞ்சம் தள்ளி விசாகத்தின் பக்கமும் முழுநிலவு போய்விடும்.

முழுநிலவு என்றால் சூரியனுக்கு நேர் எதிரே. ஆகவே சித்திரை மாதத்தில் சூரியன் இந்த விண்மீனுக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. அந்த எதிர்ப்புள்ளிதான் மேஷத்தின் தொடக்கம். சூரியன் அதைத் தொடும் நாள் வருடப் பிறப்பு, ஏப்ரல் 14 வாக்கில். அன்று மாலை சூரியன் மேற்கே இறங்க, சித்திரை கிழக்கே எழுகிறது என்று மேலே சொன்னேனே, அது தற்செயல் இல்லை.

இந்த எதிர்ப்புள்ளியை எங்கே வைப்பது என்பதில் பஞ்சாங்கக்காரர்களுக்குள் நெடுநாள் வேறுபாடு இருந்தது. இந்திய அரசு 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1955-இல் வந்த அதன் அறிக்கை, சித்திரை விண்மீன் 180 டிகிரியில் இருக்கும்படி அளவை நிறுவியது. சித்திரபட்ச அயனாம்சம் என்று இன்று ஜாதகத்தில் போடுவது அதைத்தான். சித்திரையை முளைக்குச்சியாக நட்டு, ராசி மண்டலம் முழுவதையும் அதில் கட்டியிருக்கிறார்கள்.

அயனாம்சம் என்ற ஒன்று ஏன் தேவைப்படுகிறது? பூமியின் அச்சு, வேகம் தணிந்த பம்பரத்தின் தலை போல மெல்ல வட்டமடிக்கிறது. அதனால் விண்மீன்கள் 72 ஆண்டுக்கு 1 டிகிரி நகர்ந்துவிட்டதாகத் தோன்றும். அந்த நகர்வின் அளவுதான் அயனாம்சம். கிரேக்கர்களில் இதைக் கண்டவர் ஹிப்பார்க்கஸ், கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்காரர். எப்படிக் கண்டார்? தனக்கு 150 ஆண்டுக்கும் மேல் முந்திய திமோகாரிஸ் என்பவர் குறித்துவைத்த ஒரு விண்மீனின் இடத்தைத் தன் அளவோடு ஒப்பிட்டார், 2 டிகிரி தள்ளிப் போயிருந்தது. அந்த விண்மீனும் சித்திரைதான்! வருடப் பிறப்பும் இதே கணக்கில் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் தாமதமாகிறது. 1860 வாக்கில் நம்மவர்கள் இங்கே வந்து இறங்கிய காலத்தில் அது இன்றைய தேதிக்கு ஏறக்குறைய இரண்டு நாள் முன்னதாக வந்தது.

தமிழ்நாட்டில் சித்திரை என்றால் கொளுத்தும் வெயில், நமக்கு இலையுதிர் காலம். அதனால் நம் மாதம் இங்கே பொருந்தவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதப் பெயர் வெயிலைப் பார்த்து வைத்ததில்லை, வானத்தைப் பார்த்து வைத்தது. வானம் இங்கேயும் அதேதான்.

நான் சித்திரை நட்சத்திரம். அது இரண்டு விண்மீன் என்றால் ஜாதகம் மாறுமா?

மாறாது. ஜாதகத்தில் நட்சத்திரம் என்பது வானத்தில் 13 டிகிரி 20 நிமிட அகலமுள்ள ஒரு பகுதி, நீங்கள் பிறந்தபோது நிலவு அங்கே இருந்தது என்பதுதான் பொருள். விண்மீன் அந்தப் பகுதியின் நடுவில் ஓர் அடையாளம். சரியாக நடுவில் இருப்பதால்தான் சித்திரையின் பாதி கன்னியிலும் பாதி துலாத்திலும் விழுகிறது. பலன் பற்றிக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நீலம் என்றால் குளிர்ச்சி இல்லையா?

குழாயில்தான் அப்படி. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். விண்மீன் அதற்கும் மேலே சூடேறினால் நீலம். செவ்வொளி விண்மீன்கள்தான் குளிர்ந்தவை.

வெடிக்குமா? ஆபத்தா?

பெரிய விண்மீன் சூரியனைப்போல 8 மடங்குக்கு மேல் எடை உள்ளது என்பதால், கடைசியில் சூப்பர்நோவாவாக வெடிக்கக்கூடிய வகை. அப்படி வெடிக்கக்கூடியவற்றில் நமக்கு மிக அருகே இருப்பவற்றுள் இதுவும் ஒன்று. அருகே என்றால் 250 ஒளியாண்டு. அந்தத் தூரம் நமக்குப் போதுமான பாதுகாப்பு. அதற்கு இன்னும் பல பத்து லட்சம் ஆண்டுகள் உண்டு, பிள்ளைகள் பயப்பட வேண்டாம்.

ட்ரூரோ கப்பலில் வந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்களா?

இதைக் கேட்டவர் 80 வயதைத் தாண்டிய ஓர் ஆயா. எல்லாக் கேள்விகளிலும் எனக்குப் பிடித்தது இது, ஒரு வாரம் கணக்குப் போட்டுத்தான் பதில் சொன்னேன்.

நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதலில் இங்கே ஏற்றிவந்த கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபரில் சென்னையை விட்டுக் கிளம்பியது. அக்டோபர் நடுவில் சூரியன் சித்திரைக்கு வெகு அருகில் போய்விடும், ஆகவே பயணத்தின் முதல் நாட்களில் அது சூரிய ஒளியில் மறைந்திருந்தது, யாரும் பார்த்திருக்க முடியாது. சென்னையில் இந்த விண்மீன் உச்சத்துக்கு வரும்போது தெற்கு நோக்கிப் பார்க்க வேண்டும், 66 டிகிரி உயரம். இங்கே வடக்கு நோக்கிப் பார்க்க வேண்டும். நடுக்கடலில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய பத்தரை டிகிரியைக் கப்பல் தாண்டிய நாளில், அது அவர்களின் தலைக்கு நேர் மேலே கடந்திருக்கும், பகல் வெளிச்சத்தில், யாருக்கும் தெரியாமல்.

நவம்பர் 16-ஆம் தேதி கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குள் சூரியன் 30 டிகிரிக்கு மேல் விலகிப் போயிருந்தது. அன்று விடியலில் சூரியனுக்கு ஒன்றே முக்கால் மணிநேரம் முன்னதாகக் கிழக்கே சித்திரை எழுந்தது. மேகம் இல்லாமல் இருந்திருந்தால், மேல்தளத்தில் நின்றவர்களுக்குக் கடலுக்கு மேலே நன்றாகத் தெரிந்திருக்கும். அவர்கள் பார்த்த ஒளியும், இன்று நாம் பார்ப்பதும், இரண்டுமே அந்தக் கப்பல் கிளம்புவதற்கு வெகுகாலம் முன்னால் அந்த விண்மீன்களை விட்டுப் புறப்பட்டவை.

ஆயா கேட்டுவிட்டு, "அப்படின்னா வெள்ளென எழுந்து பாத்திருப்பாங்க" என்றார்.